ஏழு வரிசை

மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடி அறை.
கீழே ஜெராக்ஸ் கடை, மேலே நாங்கள் இருவர்.
நிரல் என்னுடையது, பக்கம் ஜெசிந்தாவுடையது.
எங்களுக்கு நடுவே ஒரே ஒரு பெயர்:
படகுகள்.
அந்தப் பெயரில் நான் எதைக் கட்டி அனுப்பினாலும்
அவளுடைய டெம்ப்ளேட் அவிழ்த்து
ஒன்றுக்கு ஒரு வரிசை என்று
துறைமுகத்துத் திரையில் அடுக்கிவிடும்.
ஏன் எதற்கு என்று கேட்காது.
அதற்குக் கடல் தெரியாது.
எனக்கும் அவ்வளவாகத் தெரியாது,
பேருந்து பாலத்தில் ஏறும்போது
ஜன்னலில் வந்துபோகும் நீலம் தவிர.

மூன்றாம் எண் கூண்டு ஏற்றிய அன்று
திரும்பாதவை காலையில் நாற்பத்தொன்று.
மதியம் பதினாறு.
மீன்துறை குமாஸ்தா ஒவ்வொன்றாய் டிக் அடிக்க
என் நிரல் கழித்துக் கழித்து
மிச்சத்தை அனுப்பிக்கொண்டிருந்தது.
பரோட்டா வாங்கிவந்து
அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டோம்.

இரவு ஒன்பதரைக்கு போன்.
சிங்காரத்தோப்பு அஞ்சம்மாள், கூட்டுறவுச் சங்கம்.
"ஒண்ணுதானே பாக்கின்னு சொன்னாங்க.
ஏழுன்னு போட்டிருக்கியே தம்பி,
இங்க ஜனம் அலறுது."

பார்த்தேன்.
திரும்பாத படகுகள்: 7.
கீழே, வரிசைக்கு ஒன்றாக,
க
ெ
ட
ி
ல
ம
்

கெடிலம்.
ஆற்றின் பேர் வைத்த படகு.
நான்கு எழுத்து என்று
ஒன்றாம் வகுப்புப் பிள்ளை விரல் விட்டுச் சொல்லும்.
இயந்திரத்துக்கு ஏழு.
கொம்பைத் தனியே பிடுங்கி
புள்ளியைத் தனியே பிடுங்கி
மெய்யில்லாத உயிர்க்குறியைச் சுற்றி
புள்ளிப் புள்ளியாய் ஒரு வட்டம் போட்டிருந்தது,
ஆள் இருந்த இடத்தில்
சாக்பீஸால் போடுவார்களே, அப்படி.

தவறு என்னுடையதுதான்.
மே மாதம், மின்வெட்டு நேரம்,
லேப்டாப்பில் பதினொரு சதவீதம்.
ஒன்றே ஒன்று மிஞ்சினால் பட்டியல் எதற்கு,
பெயரை மட்டும் கொடு என்று
சிக்கனமாய் ஒரு வரி எழுதியிருந்தேன்.
கூடையோடு கொடுத்தால் மீனை எடுத்து வைப்பவன்
மீனை மட்டும் கொடுத்தால்
செதில் செதிலாக எடுத்து வைத்தான்.
அவன் வேலை அது.
கையில் வந்ததைப் பிரிப்பது.

இரண்டு சதுர அடைப்பு போட்டேன்,
பெயருக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று.
ஒற்றைப் படகானாலும்
கூட்டமாகத்தான் போகவேண்டும்.
ஏழு போய் ஒன்று வந்தது.
ஒன்று என்று வந்ததும்
திரைக்கு முன்னால் எத்தனை பேர்
மூச்சு விட்டார்கள் என்று தெரியவில்லை.
அந்த ஒரு வீட்டில் யாரும் விட்டிருக்கமாட்டார்கள்.

ஜெசிந்தா வீட்டுக்குப் போகவில்லை.
காற்றில் ஜெராக்ஸ் கடைத் தகரம்
அடித்துக்கொண்டே இருந்தது.

நாலே காலுக்கு மறுபடி போன்.
"என்ன தம்பி இது.
கெடிலம் என் கண்ணெதிரே கயிறு கட்டுது,
ஆறு பேரும் எறங்கியாச்சு,
உன் திரையில
தகவல் இல்லைன்னு வருது?"

சரியாகத்தான் அனுப்பியிருந்தேன்.
இரண்டு அடைப்பு, நடுவில் எதுவும் இல்லை.
வெறும் பட்டியல் வந்தால் சொல்வதற்கு
ஜெசிந்தா முன்பே எழுதிவைத்த வரி அது.
எங்கள் அறையில் அதற்கு ஒரே அர்த்தம்.
அஞ்சம்மாள் நின்ற இடத்தில்
அந்த இரண்டு சொல்லை
எந்த வீட்டு வாசலில் யார் வந்து சொல்வார்கள் என்று
எங்களுக்கு உறைக்கவே இல்லை.

ஜெசிந்தா அழித்தாள்.
'பதிவுகள் காலி' என்று அடித்து, அழித்தாள்.
'பூஜ்யம்' என்று அடித்து, அதையும் அழித்தாள்.
"நீங்களே சொல்லுங்கக்கா, என்ன போட?"
போனை ஸ்பீக்கரில் வைத்தோம்.
காற்று, யாரோ யாரையோ திட்டும் குரல்,
டீசல் எஞ்சின் அணையும் சத்தம்.

"எல்லாம் கரையிலன்னு போடும்மா."

போட்டாள்.