காணிப் பெயர்

சுன்னாகம் கிளை, அடைவுப் பிரிவு.
இருபத்தாறு வருசம்
உரைகல்லும் தராசும் என் கையில்.
ஏலம் போகிற வெள்ளிக்கிழமைகளில்
எதிர்ப்பக்கம் சைக்கிள் கடை வாசலில்
யாராவது நிற்பார்கள்,
காற்றடிக்க வந்தவர்கள் போல.
நான் நிமிர்ந்து பார்க்கிறதில்லை.
துண்டு இலக்கம், நிறை, கரட்.
அவ்வளவும்தான் கூப்பிட வேண்டும்.

ஆகையால்
பிரம்ரனிலிருந்து துவாரகன்
"மாமி, கிளீவ்லண்டிலை ஒரு வீடு,
பாங்க் பறிச்சது, அறாவிலைக்கு விடுறாங்கள்" என்றபோது
எனக்கு அதில் புதிதாய் ஒன்றுமில்லை.

தொண்ணூற்றாறில் அவனை அனுப்ப
ஏஜென்சிக்கு நான் கட்டின காசு
வட்டியில்லாமல் அவனிடம் நித்திரை கொண்டது.
அதை எழுப்பி
பாதி வீடாய்த் தருகிறானாம்.
"வாடகை மாசா மாசம் வரும்.
நீங்கள் சும்மா இருங்கோ."

சும்மா இருக்கத் தெரியாது எனக்கு.
பரிசோதனை அறிக்கையை அனுப்பு என்றேன்.
நாற்பத்தொரு பக்கம்.
பதினேழாம் பக்கத்தில்,
சுவரைக் கிழித்துச் செப்புக் குழாய்கள் உருவப்பட்டுள்ளன.
வயர் இல்லை.
பின்கதவு நிலையோடு இல்லை.

வறுத்தலைவிளானில்
எங்கள் வளவை ஆமி விட்ட அன்று
இதையேதான் பார்த்தோம்.
நிலை, யன்னல், முகட்டு வளை,
குசினிச் சீமெந்துக்குள் புதைத்த குழாய்கூட.
ஆளில்லாத வீட்டை உரிக்க
எந்த ஊரிலும் ஒரே முறைதான் போலிருக்கிறது.
கொஞ்ச நேரம் பேசவில்லை நான்.
பிறகு சொன்னேன்:
"துவாரகன், இன்னும் நாலாயிரம் குறைக்கச் சொல்லு."

குறைத்தார்கள்.

மரணசாதனம் எழுத
நொத்தாரிசு சற்குணராசாவிடம் போனேன்.
அமெரிக்க உறுதியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"எல்லை எங்கை மிஸ்?
கிழக்கு ஆர், வடக்கு ஆர்?
கிணத்துப் பங்கு? வழி வாய்க்கால்?"
இலக்கம் மட்டும்தான் என்றேன்.
"காணிக்குப் பேர்?"
இல்லை.
"பேரில்லாத காணியை
நான் எப்பிடி எழுதுறது?"

இரவில் போனில் அந்தத் தெருவுக்குப் போவேன்.
விரலால் தள்ளத் தள்ள
மேப்பிள் மரங்கள் வரும்,
மஞ்சள் தண்ணீர்க் குழாய் வரும், வீடு வரும்.
ஏழு வருசத்துக்கு முன் எடுத்த படம்.
வாசலில் ஒருவன்
நீலக் கார் கழுவிக்கொண்டு நிற்கிறான்.
ஒரு செருப்பு காலில், மற்றது புல்லில்.
தவணை அப்போதே பிந்தியிருக்குமோ?
பிந்தியவன் சில்லை இப்படித் தேய்ப்பானா?
காமரா வண்டி வருகிற சத்தத்துக்கு
வாளிக்குள் கைவிட்டபடி
நிமிர்ந்து பார்க்கிறான்.
நானும் பார்க்கிறேன்,
விரித்துப் பெரிதாக்கி.
முகத்தைக் கம்பனிக்காரர் மெழுகிவிட்டார்கள்.

வாடகை வரத்தான் செய்கிறது.
அறுநூற்று எண்பது டொலர்,
அதில் வரி போக, கூரை போக,
துவாரகனின் பாதி போக
எழுபத்திரண்டு.
நாலு மாசம் சேர்த்து
வறுத்தலைவிளான் வீட்டுக்கு
ஒரு வேம்பு நிலை வாங்கினேன்.
கதவு இன்னும் இல்லை.
நிலைக்குள்ளால் குனிந்துதான் போகிறேன்,
சுற்றிவரச் சுவரே இல்லாதபோதும்.

எங்கள் பழைய உறுதியில்
அந்தக் காணியின் பெயர் சிதம்பரி கலட்டி.
சிதம்பரி யார்?
எந்தக் கடனுக்கு விட்டான்?
ஒருவருக்கும் தெரியாது.
நாலு தலைமுறையாய்
அவன் பேரைச் சொல்லித்தான் ஆள்கிறோம்.

திங்கட்கிழமை திரும்பப் போனேன்.
"எழுதுங்கோ.
கார் கழுவுறவன் வளவு
என்னும் பெயருடைய காணி."

சற்குணராசா பேனையை மூடினார்.
யன்னலுக்கு வெளியே
ஐஸ்கிரீம் வான் பாட்டுப் போட்டுக்கொண்டு போனது.
அது ஒழுங்கை திரும்பி முடியும்வரை
ஒன்றும் பேசவில்லை.
பிறகு பேனையைத் திறந்தார்.

"எத்தினை பரப்பு?"

"ஒண்டரைக்குக் கிட்ட.
ஒண்டரை எண்டே போடுங்கோ."