துறை மூவாயிரம்

கிளாக்ஸ்விக்கில் மூன்றாம் நாளாகப் புயல்.
கல்சோய் தீவுக்குப் படகு இல்லை,
துறைமுகத்தில் ஈ காக்கை இல்லை.
மார்யுனின் கணினி மட்டும் சொல்கிறது:
துறை மூவாயிரத்தில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது.

யாரென்று பார்த்தால்
நேற்றிரவு அவளே ஓடவிட்டு
நிறுத்த மறந்த சர்வர்.
கொன்றாள். மறுபடி கிளப்பினாள்.

தரவுத்தளம் வாய் திறக்கவில்லை.
கடவுச்சொல்லில் ஓர் எழுத்து விட்டிருந்தது;
அதற்கு ஒன்றரை மணி நேரம்,
ஆறிப்போன காபி, ஒரு கெட்ட வார்த்தை.

ஒருவழியாகப் பக்கம் வந்தது.
சோதித்துப் பார்க்க ஒரு பெயர் வேண்டும்.
ஊர் போக முடியாமல்
மூன்று நாளாக அவள் சோபாவில் கிடக்கும்
ரோயின் பெயரை அடித்தாள்:
ஓர் இருக்கை, ஓர் ஆட்டுக்கடா, இன்று.

'பதிவாயிற்று' என்றது பச்சை எழுத்து.
அந்தக் கணினியைத் தாண்டி
யாருக்கும் தெரியாத படகு
சரியாகப் பத்து மணிக்குப் புறப்பட்டது.
சோபாவில் குறட்டை நிற்கவில்லை.