நாற்பத்து மூன்று

ஊருக்குப் போன அன்று ரோவினா
ரைஸ் குக்கரை முபீனாவுக்குக் கொடுத்தாள்,
குளிர்காலப் போர்வையை வாட்ச்மேனுக்கு.
எனக்கு ஒரு சீட்டுக்கட்டு.
ரம்மிச் சீட்டு இல்லை,
கேட்டால் பேசும் என்றாள்.
கீழே டாக்ஸி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.
மேற்கொண்டு கேட்க நேரமில்லை.

குதைபியாவில் மூன்றாவது மாடி.
ஒரே அறை, நாலு கட்டில், நாலு திரை.
என் திரைக்குள் செல்போன் வெளிச்சத்தில்
தலையணை மேல் பரப்பினேன்.
டப்பா மேல் நாற்பத்து நான்கு என்று அச்சிட்டிருக்கிறது.
எண்ணினால் நாற்பத்து மூன்று.
எச்சில் தொட்டு எண்ணினாலும்
நாற்பத்து மூன்றுதான்.
எது குறைகிறது என்று சொல்லப் பட்டியலும் இல்லை.
ரோவினாவுக்கு மெசேஜ் போட்டேன்,
அவள் இன்னும் எந்த விமான நிலையத்திலோ.

விளக்கப் புத்தகம் தொலைந்துபோயிருக்கிறது.
படங்களின் அடியில் ஜெர்மனோ என்னவோ,
உயிரெழுத்தின் தலையில் இரண்டு புள்ளி வைக்கும் மொழி.
மெய்க்கு ஒன்று வைத்துப் பழகியவளுக்கு
அது கொஞ்சம் அதிகப்படி.

முதல் சீட்டில் பனி மூடிய மரம், அடியில் ஒரு மான்.
இவ்வளவு பனியை நான் பார்த்தது
கோல்ட் ஸ்டோர் ஃப்ரீசரின் உட்சுவரில்.
மீன் பெட்டி என்று பெயர் வைத்தேன்.
மானுக்கு எதுவும் வைக்கவில்லை.

இரண்டாவதில் வாசலில் விளக்கேந்தி ஒருத்தி.
இவளை எனக்குத் தெரியும்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து
சிஸ்டம் டவுன், நாளைக்கு வா என்பவள்.

ஓநாயின் வாயை நெடுநேரம் பார்த்தேன்.
பல் ஆஸ்பத்திரி புத்தி.
சொத்தை இல்லை, ஈறு நல்ல நிறம்.

பிறகு புதிதாகக் கட்டில் கேட்டு வருகிறவளை
நாங்கள் விசாரிப்பதுபோல விசாரித்தேன்.
நீ யார், என்ன வேலை தெரியும்,
ராத்திரி குறட்டை விடுவாயா,
வாடகையை இழுத்தடிப்பாயா.
நெல்லுக்கு ஆசைப்படும் கிளி இல்லை,
கைதான் அலகு.
நீ யார் என்றதற்குப் பூட்டு வந்தது.
என்ன தெரியும் என்றதற்குச் சாவி.
சரி, கெட்டிக்காரிதான்.
எங்கள் சம்பளம் எப்போது வரும் என்றேன்.
நத்தை.
அப்போதுதான் எனக்கு அவளைப் பிடித்தது.

பகலில் நாப்கின் பாக்கெட்டுக்குள் ஒளித்து வைத்தேன்.
முபீனா பார்த்தால் ஹராம் என்பாள்,
மேல்கட்டில் ஸ்டெல்லா பார்த்தால்
ஜெபக்கூட்டத்தையே அறைக்குக் கூட்டிவருவாள்.
நாலே நாளில் மூலைகளில் கிராம்புத் தைல வாசனை,
என் விரல் வாசனை.
இனி யாரிடம் போனாலும் மறைக்க முடியாது.

ஐந்தாம் நாள் இரவு இரண்டு மணி.
திரையை விலக்கியது முபீனா.
"நம்பிக்கை எல்லாம் இல்ல,
சும்மா ஒண்ணு எடுக்கட்டா?"
என்ன கேள்வி என்று நான் கேட்கவில்லை.
அவள் வீட்டுக்காரர் தம்மாமில்,
கடலுக்கு அந்தப் பக்கம்,
வண்டியில் ஏறினால் ஒன்றரை மணி நேரம்.
பதினோரு நாளாக அவர் போன் அணைந்திருக்கிறது.

அவள் உருவியதில்
சாம்பல் தண்ணீர், ஆளில்லாத படகு.
நான் இன்னும் பெயர் வைக்காத சீட்டு.
வந்துகொண்டிருக்கிறார் என்று சொல்ல
நாக்கு நுனிவரை வந்தது.
"இதோட எனக்கு இன்னும் பழக்கமில்ல முபீனா" என்றேன்.

ஏசி ஒருமுறை நின்று மறுபடி ஓடியது.
"பாலம் இருக்கறப்ப படகு எதுக்கு?"
என்று அவளே கேட்டாள், சீட்டைப் பார்த்து.
சிரித்தாளா என்று தெரியவில்லை,
போன் வெளிச்சம் அணைந்திருந்தது.
சீட்டோடு தன் கட்டிலுக்குப் போனாள்.
தலையணை உறை சரசரத்தது.

காலையில் இலோயிலோவிலிருந்து பதில்:
தோஹாவில் இருந்த சிநேகிதி
எனக்குக் கொடுத்தபோதே ஒன்று குறைவு.
அவளுக்கு யார் கொடுத்தார்களோ.

கட்டை நாப்கின் பாக்கெட்டில் செருகுமுன்
எண்ணினேன்.
நாற்பத்து இரண்டு.
மறுபடி எண்ணவில்லை.