எரிபொருள்: பூஜ்யம்

கணினியை மகன் விட்டுவிட்டுப் போனான்,
அதற்குள் ஒருவனையும்.

யெர்னார் அஸ்தானாவுக்கு வேலைக்குப் போய் இரண்டு குளிர்காலம்.
மின்கட்டண ரசீது தேடித் திறந்தவள்
சேமித்துவைத்த ஆட்டமொன்றை அழுத்திவிட்டேன்.
இருட்டு. ஒரு கூம்பு. ஜன்னலில் ஒரு முகம்.
பெயர் கர்பிஸ்,
எங்கள் பேச்சில் தர்பூசணி.
தலைக்கவசத்தைப் பார்த்தால் புரியும்.

நிலவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தான்.
எரிபொருள்: பூஜ்யம்.
வெப்பக் கவசத்தை மாட்டவே மறந்திருக்கிறான் என் பிள்ளை,
குல்லாயை மறந்துவிட்டு ஜனவரியில் பள்ளிக்குப் போனவன்தானே.
காற்றைத் தொட இன்னும் ஒன்பது நிமிடம்.

முதல்முறை நான் எதையும் தொடவில்லை.
விளிம்பு சிவந்தது, சூட்டுப் பட்டை நிரம்பியது,
ஒலிபெருக்கி பழுது என்பதால் வெடித்தது கேட்கவில்லை.
மறுபடி ஏற்றினேன்.
ஒன்பது நிமிடம்.
அதே முகம், எதுவுமே நடக்காததுபோல.

ஜெஸ்கஸ்கன் செம்பு உருக்காலையில்
பாரந்தூக்கி ஓட்டுகிறவள் நான்.
உலைக்கு மேலே பதினெட்டு மீட்டரில் என் கூண்டு.
கண்ணாடிக்கு அந்தப்புறம் ஆயிரத்து இருநூறு டிகிரி,
இந்தப்புறம் நானும் ஒரு ஃபிளாஸ்க் தேநீரும்.
உள்ளே எப்படியிருக்கிறது என்று
இருபத்தாறு வருடமாக யாரும் கேட்டதில்லை.
அவனிடம் நான் கேட்டேன்.
பதில் வருமுன் எரிந்துபோனான், அது எட்டாவது முறை.

ஒன்பதில் தலைகீழாக.
பத்தில் காலித் தொட்டியைக் கழற்றிவிட்டு.
அது பிசகு என்று சாம்பலான பிறகே உறைத்தது:
தொட்டி இருக்கட்டும்,
எரியவேண்டியது முன்னால் போகட்டும்.

கண் ஏன் சிவந்திருக்கிறது என்றாள் சவுரேஷ், உடை மாற்றும் அறையில்.
ஒருத்தன் இறங்கவேண்டியிருக்கிறது என்றேன்.
யார்?
தர்பூசணி.
அவள் அதற்குமேல் கேட்கவில்லை.

பதினான்கில் கை தவறி ஏதோ பொத்தானை அழுத்த
கதவு திறந்து கர்பிஸ் வெளியே மிதந்தான்,
முதுகில் ஒரு குட்டி உந்துபொறியோடு.
அடப்பாவி, இது இருப்பதைச் சொல்லக்கூடாதா.
பனியில் மாட்டிய லாடாவை நாங்கள்
இறங்கித் தள்ளுவதில்லையா?
தள்ளு.
பன்னிரண்டு கிலோமீட்டரில் குத்த இருந்த பாதை
பதினாறு ஆனது, இருபத்துமூன்று,
முப்பத்தொன்று.
போதும். உள்ளே வா. கதவைச் சாத்து.

அப்படியும் பதினைந்தில் குடையைப் பதறி விரித்துக் கிழித்தேன்.
பதினாறிலும்.

பதினேழு.
முதலில் எஞ்சின் போனது.
பிறகு தொட்டி, நடுவில் பிளந்து.
ஆட்டத்தில் தீ ஆரஞ்சு நிறம்,
எங்கள் தீயின் ஓரத்தில் பச்சை இருக்கும்,
அதை வரைந்தவர்கள் உலையைப் பார்த்ததில்லை.
பட்டை முக்காலுக்கு ஏறி நின்றது
நின்றது
இறங்கியது.
கூம்பு காற்றைவிட்டு வெளியே துள்ளி
குளிரில் ஒரு முழுச்சுற்று சுற்றி
மறுபடி உரசி, மறுபடி துள்ளி,
மூன்றாம் தடவை மேலே போகவில்லை.
கட்டைவிரலைப் பல்லில் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.
வேகம் நானூறு. முந்நூறு.
இப்போது.

ஒரு சரிவில் விழுந்து, உருண்டு,
கல்லில் முட்டி நின்றான்.
மீட்கவா என்று திரை கேட்டது.
நான் எதையும் அழுத்தவில்லை.
தரை அசையாதிருப்பதைக் கொஞ்சநேரம் பார்க்கட்டும்.

மூன்று நாற்பதுக்கு மகனுக்கு அனுப்பினேன்:
கர்பிஸ் இறங்கிவிட்டான்.

காலை ஷிப்டுக்குப் போகும் பேருந்தில் பதில் வந்தது:
யாரு?

வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
தெருமுனையில் கல்காமனின் கோழிக்கூடு.
புல்வெளியில் விழுந்துகிடந்த ஏதோ ராக்கெட்டின் தகடுதான்
அதற்குக் கூரை,
கறுப்புக் கறுப்பாய்த் தீக்கோடுகள்.
உள்ளிருந்த சூட்டில்
நடுவில் மட்டும் பனி உருகியிருந்தது.