காரணம் (தெரிந்தால்)

படிவத்தில் எட்டுக் கட்டங்கள்.
தேதி, நேரம், மேகம், காற்று,
வளர்ந்தவை, குஞ்சுகள், கூடுகள்.
எட்டாவது கடைசியில், ஒடுக்கமாக:
காரணம் (தெரிந்தால்).
மஞ்சூரில் என் ஜெராக்ஸ் கடையில்தான் நகலெடுத்தேன்.
மை தீர்கிற நேரம்,
எட்டாவது கட்டம் பாதிதான் விழுந்தது.
யாரும் கேட்கவில்லை.

தை மாதத்து ஞாயிறுகள்.
ஆறேகாலுக்கு அணைமேட்டில் நான்கு பேர்.
புல்லை மிதித்தால் அப்பளம்போல் நொறுங்கும்.
நால்வருக்கும் சேர்த்து ஒரே பைனாகுலர்.
ஹாலன் அதைத் தன் கண்ணுக்குத் திருகி முடிப்பதற்குள்
பறவை இருக்காது.

முக்குளிப்பானை எண்ணுவது
மாடு எண்ணுவதுபோல் இல்லை.
கைமுட்டி அளவு உடம்பு, வால் என்று சொல்ல ஒன்றுமில்லை,
பென்சில் தாளைத் தொடும்போது
தண்ணீர் மூடிக்கொள்ளும்.
இங்கே மூழ்கியதுதான் அங்கே எழுந்ததா?
அங்கே எழுந்தது வேறொன்றா?
நர்ஸ் பெனடிக்டா நாடி பார்ப்பதுபோல்
கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சொல்வாள்:
"பதினெட்டு விநாடி. இருபத்திரண்டைத் தாண்டாது."
அதனால் முப்பதுவரை எண்ணிவிட்டு
வெளியே தெரிவதை மட்டும் எழுதுவது என்று முடிவானது.
நாங்கள் மூச்சை அடக்க வேண்டிய அவசியமில்லை.
ஆனாலும் அடக்கினோம்.

ஹாலன் பதினொன்று என்பார்.
நான் ஒன்பது.
பெனடிக்டா பத்து என்று எழுதிக் கோடு போடுவாள்.
லோகநாதன் எண் சொல்வதில்லை,
அவனுக்குக் கூடுகள்.
கோரைக்கு நடுவே, கட்டிப்போட்ட தெப்பம்போல் நான்கு.
"இறங்கிப் போகுமுன்
பாசியை இழுத்து முட்டையை மூடுது பாருங்க,
பாலை மூடிவைக்கிற மாதிரி."
மின்வாரியச் சட்டைக்கு மேலே குல்லாய்,
இரவு ஷிப்ட் முடிந்த சிவந்த கண்கள்,
அவ்வளவு பேசி அவனை நாங்கள் கேட்டதில்லை.

மூன்றாம் ஞாயிறு
தண்ணீர் முப்பதடி தள்ளிப் போயிருந்தது.
சேறு. செருப்பு ஒன்று. பீர் பாட்டில்கள்.
கோரை தலைசாய்ந்து கிடந்தது.
நான்கு கூடுகளும் தரையில்,
மூன்றில் பாசி மூடியபடியே, காய்ந்து.
நான்காவதில் மூடி கலைந்திருந்தது,
பக்கத்தில் நரியின் காலடி.
பறவைகள் நடு ஏரியில்.
நடக்கத் தெரியாத பறவை
முப்பதடிச் சேற்றை என்ன செய்யும்?

பொங்கல் இரவுகளில் கீழே சமவெளி முழுக்க
விளக்கு எரியும், மோட்டார் ஓடும், டிவி பேசும்.
பவர்ஹவுசுக்கு போன் வரும்:
இத்தனை மெகாவாட், இத்தனை மணிக்குள்.
யாரோ ஒருவர் சக்கரத்தைத் திருக வேண்டும்.

லோகநாதன் என்னிடமிருந்து அட்டையை வாங்கினான்.
பாதி விழுந்த கட்டத்துக்குள்
எழுத்துக் கூட்டுவதுபோல் எழுதினான்:
வியாழன் இரவு. நீர் திறந்தது: சி. லோகநாதன்.
ஊழியர் எண்ணும் போட்டான்.

"இதெல்லாம் வேண்டாமே தம்பி" என்றாள் பெனடிக்டா.
"தெரிந்தால்னுதானே போட்டிருக்கு" என்றான்.
"தெரியுது."

அன்று மாலை அந்தத் தாளை நகலெடுத்தேன்.
பச்சை வெளிச்சம் அவன் எழுத்தின் அடியில்
இடமிருந்து வலம் போய் வந்தது.
அந்த வெளிச்சமும்
அந்த ஏரியிலிருந்து வந்ததுதான்.
மிஷினை அணைத்தேன். பிறகு போட்டேன்.
இன்னும் மூன்று நகல் பாக்கி இருந்தது.

அடுத்த வாரத்துக்குப் படிவத்தைப் புதிதாக அடித்தேன்.
எட்டாவது கட்டம் இப்போது இரண்டு விரல் அகலம்.
லோகநாதன் வருவானோ என்றிருந்தது.
எங்களுக்கு முன்பே வந்து நின்றிருந்தான்,
காலில் சேற்றோடு.

புதிய கரையோரம் ஒன்று எழுந்தது,
அலகில் ஈரக் கோரை.
எங்களைப் பார்த்ததும் கோரையோடு மூழ்கியது.
முப்பதுவரை எண்ணினோம்.
ஹாலன் மட்டும் நிறுத்தாமல்
முப்பத்தொன்று, முப்பத்திரண்டு என்று
எண்ணிக்கொண்டே போனார்.