பாரமா, காலியா

பெயர், வயது, அடையாள எண், திறமை.
இலாகா அனுப்பிய பாரத்தில் நான்கு கட்டங்கள்.
மூன்றை ஒரே மூச்சில் நிரப்பிவிட்டேன்.
நான்காவதன் வாசலில்
திங்கள் மாலை முழுக்க நின்றது பேனா.

மிஷாலினிக்கு நேரே 'பாட்டு' என்றெழுதி
அடித்தேன்.
அவள் பாடுவதில்லை.
ஒரே ஒரு வரியை வாயில் போட்டுக்
கல்கண்டு போலக் கரையும்வரை
உருட்டிக்கொண்டிருப்பாள்.

தர்வினுக்குத் தெரிந்ததெல்லாம் லாரி.
செம்பனைக் குலை ஏற்றி மில்லுக்குப் போகும் சாலை
எங்கள் வேலியை உரசிக்கொண்டு மேடேறுகிறது.
கியர் மாறும் முனகலிலேயே சொல்லிவிடுவான்
பாரமா, காலியா,
ஆ சோங் வண்டியா, நடேசன் வண்டியா என்று.
"லாரியை மேடையேற்ற முடியாதே, டீச்சர்"
என்றார் துணைத் தலைமையாசிரியர்.
சிரிக்கவில்லை. மனிதர்
உண்மையாகவே யோசித்திருக்கிறார்.

யுகேந்திரனின் அம்மா
இரவு ஷிப்ட் முடிந்து
எண்ணெய் வாடை மாறாத சட்டையோடு
பள்ளி கேட்டில் நின்றார்.
"இவன் மேடையில நின்னா சனங்க சிரிக்குமா டீச்சர்?"
சிரிக்காது என்றேன்.
எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று
அவர் மோட்டார் வளைவில் மறைந்த பிறகுதான்
என்னைக் கேட்டேன்.
அவனைத் திரைக்கயிற்றில் நிறுத்தினேன், மேடைக்குப் பின்னால்.
அது அவனுக்காகவா, எனக்காகவா
இன்னும் தீரவில்லை.

மூன்று வாரம், மைலோவுக்குப் பிறகு ஒத்திகை.
உதவியாளர் ரொஸ்னானி
நிற்க வேண்டிய இடத்தில்
சிவப்பு டேப்பால் பெருக்கல் குறி ஒட்டுவார்.
ஹேமலோஷா அதை உரித்து
முழங்கையில் ஒட்டிக்கொள்வாள்.
நிற்க வேண்டிய இடம்
அதன்பின் அவளோடு ஓடித் திரியும்.
யுகேந்திரனுக்கு ஒரே பாடம்:
தட்டினால் மூடு. மறுபடி தட்டினால் திற.
தட்டித் தட்டி
உள்ளங்கை காந்தியது எனக்கு.

சனிக்கிழமை. பாடாங் செராய் பொது மண்டபம்.
தகரத்தில் மழை.
மூன்று மின்விசிறியில் ஒன்று சுழன்றது, ஒன்று முனகியது.
பிரமுகர் ஒரு மணி நேரம் பிந்தி வந்து
"இரண்டே வார்த்தை" என்று தொடங்கினார்.
இருபதாவது நிமிடத்தில்
"இக்குழந்தைகள் கடவுளின் பரிசு" என்று நிறுத்திச்
சபையைப் பார்த்தார்.
வந்தது கைதட்டல்.
மூடியது திரை.

மழை மட்டும் பேசியது கொஞ்ச நேரம்.
மூன்றாம் வரிசையில் யாரோ சிரித்தார்கள்,
வாயைப் பொத்தியும் அடங்காமல்
தோள் குலுங்கக் குலுங்க.
யுகேந்திரனின் அம்மா.
பிறகு மண்டபமே.
சிரிக்காது என்று நான் சொல்லியிருந்த
அதே சனம்.

திறக்கும் வழி அவருக்குத் தெரியும்.
வீட்டில் ஜன்னல் சீலையிலும்
மூன்று வாரமாக இதே பாடமாம்.
எழுந்து நின்று தட்டினார்.
திறந்தது.
காலில் மைக் கம்பி சுற்ற நின்ற பிரமுகர்
விட்ட இடம் மறந்து
"நன்றி" என்றார்.

மிஷாலினி தன் வரியைப்
பதினேழாவது முறை உருட்டுகையில்
வெளியே மேட்டில் கியர் மாறியது.
"பாரம்! ஆ சோங்!"
மேடையோரத்திலிருந்து தர்வின்.
பின்வரிசை மில் ஆட்கள் இருவர்
கதவால் எட்டிப் பார்த்தார்கள்.
ஒருவர் திரும்பி வந்து
ஆமாம் என்று தலையாட்டினார்.
அன்றைய பெரிய கைதட்டல் அதற்குத்தான்.
திரையும் மூடிக்கொண்டது.

அகல்விழியைச் சொல்லவில்லையே.
குடை நடனம் அவளுக்கு.
முதல் கைதட்டலிலேயே காதைப் பொத்தினாள்.
இரண்டாவதில் அலறினாள்.
அப்பா தூக்கிக்கொண்டு மழையில் போனார்.
எல்லாவற்றையும் கைதட்டலில் கட்டியவள் நான்.
பூப்போட்ட குடை
சிவப்புக் குறிக்குப் பக்கத்தில் விரிந்தே கிடந்தது.

பாரம் திரும்பி வந்திருக்கிறது.
நான்காம் கட்டத்தில் ஓரிடம் விடுபட்டுள்ளதாம்,
வெள்ளிக்குள் பூர்த்தி செய்க.
பேனாவைத் திறந்து வைத்திருக்கிறேன்.
ஜன்னலுக்கு வெளியே ஏதோ மேடேறுகிறது.
தர்வின் தலையைச் சாய்க்கிறான்,
இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.