மூச்சு விடாதீர்கள்

அவுட்ரம் பார்க், நிலத்தடி மூன்றாம் தளம்.
வெறும் வயிறு.
ஸுரைடா என் தொப்புளுக்கு மேலே
தீப்பெட்டி மாதிரி ஒரு பெட்டியை வைக்கிறாள்.
அதன் நெற்றியில் ஆறு வெள்ளைப் புள்ளிகள்.
சுவரில் இருக்கும் கேமரா அதையே பார்க்கும்,
அது ஏறும், இறங்கும், நான் இருக்கும்வரை.

"பெயர்?"
"தணிகாசலம்."
தினமும் கேட்கிறாள். தினமும் நான்தான்.

கணையத்தில் கட்டி.
பெயருக்குள்ளேயே ஒரு கணை இருக்கிறதே என்று
அறிக்கையைப் படித்த அன்று நினைத்தேன்.
எய்தவன் யாரென்று கேட்கத் தோன்றவில்லை.

கட்டியின் ஓரமாக மூன்று தங்கத் துணுக்குகள்,
குருணையைவிடச் சின்னது,
தொண்டை வழியாகக் குழாய் விட்டுப் பதித்தார்கள்.
"எத்தனை காரட்?" என்றாள் காந்திமதி,
சிரிக்காமல்.
எங்கள் வீட்டில் அடகுக்குப் போகாத தங்கம்
அதுதான்.

ஒவ்வொரு மூச்சுக்கும் கட்டி நகர்கிறதாம்.
இழுத்தால் காலை நோக்கி,
விட்டால் தலையை நோக்கி,
ஒன்றரை சென்டிமீட்டர்.
டாக்டர் கோ கட்டைவிரலைக் காட்டினார்:
"இவ்வளவு. பக்கத்திலேயே சிறுகுடல்.
அதைச் சுட்டுவிடக் கூடாது."

எனக்கு இது தெரியும்.
பாசிர் பாஞ்சாங்கில் இருபத்தாறு வருஷம் கிரேன்.
கண்ணாடித் தரை, காலுக்குக் கீழே
நாற்பது மீட்டர் காற்று, அதற்கும் கீழே கப்பல்.
கட்டிப் போட்ட கப்பல்தானே என்பார்கள் தெரியாதவர்கள்.
தூரத்தில் ஒரு டேங்கர் கடந்தால் போதும்,
கொஞ்ச நேரம் கழித்து அதன் அலை வந்து
மெல்லத் தூக்கும்.
நாற்பதடிப் பெட்டி அந்தரத்தில் தொங்க
காத்திருப்பேன்.
கப்பல் ஏறும்போது வைக்காதே.
இறங்கும்போதும் வைக்காதே.
இறங்கி முடித்து, ஏற நினைப்பதற்கு முன்னால்
ஒரு சும்மா இருக்கிறது.
அப்போது வை.

இப்போது நான் கப்பல்.

கண்ணில் மாட்டிய கண்ணாடிக்குள்
பச்சைப் பட்டை, மஞ்சள் கோடு.
கோடு என் வயிறு.
பட்டைக்குள் நின்றால் கதிர் பாயும்,
தாண்டினால் நின்றுவிடும்.
ஸ்பீக்கரில் யாரோ ஒரு பெண், ஊர் தெரியாத தமிழ்:
"மூச்சை இழுங்கள்.
மெதுவாக விடுங்கள்.
மூச்சு விடாதீர்கள்."

முதல் நாள் சிரித்துவிட்டேன்.
கோடு துள்ளியது, கதிர் நின்றது.
"அங்கிள், ஓகேயா?" என்றாள் ஸுரைடா மைக்கில்.
மலாயில் இதை எப்படி விளக்குவேன்?
காந்திமதியும் இதையேதான் சொன்னாள்,
ஜூரோங் வெஸ்ட் லிஃப்டில், ஸ்கேன் உறை கையில்:
உங்க அக்காகிட்ட மூச்சு விடாதீங்க.
சகலைகிட்ட மூச்சு விடாதீங்க.
தை மாசம் கல்யாணம் முடியட்டும்.

ஏழு வாரம் விடவில்லை.
இளைத்த உடம்புக்குச் சர்க்கரை என்றேன்.
மஞ்சள் பூத்த கண்ணுக்குத் தூக்கமில்லை என்றேன்.

நான்காம் நாள் கதிர் பாயவே இல்லை.
டாக்டர் கோ உள்ளே வந்தார்.
வயிறு ஒழுங்காகத்தான் ஏறி இறங்குகிறது,
தங்கம் மட்டும் தள்ளி நிற்கிறது.
"வெளியே காட்டுவதும் உள்ளே இருப்பதும்
இன்றைக்கு ஒத்துப்போகவில்லை."
அவர் படத்தைத்தான் சொன்னார்.

மறுபடி ஸ்கேன். படுக்கையை
மூன்று மில்லிமீட்டர் நகர்த்தினார்கள்.
இழுங்கள். விடுங்கள். விடாதீர்கள்.
முடிந்து சட்டை போடும்போது மணி இரண்டு.

பஸ் நிறுத்தத்தில் போன்.
பீட்டர் சியோங், பன்னிரண்டு வருஷம்
எனக்கு அடுத்த ஷிப்ட்.
அவன் உட்கார வரும்போது
நாற்காலியில் என் சூடு இருக்கும்.
எங்கேடா ஆளைக் காணோம், என்றான்.
காந்திமதியின் பட்டியலில் அவன் பெயர் இல்லை.

சொன்னேன்.
கட்டி, துணுக்கு, பச்சைப் பட்டை, மிச்சம் ஒரு நாள்,
பிறகு என்னவென்று யாரும் சொல்லாதது.
பஸ் வந்து, கதவு திறந்து, மூடி, போனது.

அந்தப் பக்கம் பேச்சில்லை.
மூச்சை இழுக்கிற சத்தம் மட்டும் கேட்டது.
விடுவான் என்று
போனைக் காதோடு வைத்தபடி
நின்றிருந்தேன்.